பலர் பயன்படுத்தும் கணினியில் எந்தச் செயலிகளை இயங்க விடுவது: வழிகளின் ஒப்பீடு

மாணவர் ஆய்வகம், நூலகம், பணிமுறை மாறும்போது ஆள் மாறும் அலுவலகம் என ஒரே கணினியில் பலர் வந்து அமரும் எந்த இடத்திலும், நிர்வாகியிடம் ஒரு கோரிக்கை தவறாமல் வந்து சேர்கிறது: குறிப்பிட்ட சில செயலிகளைத் தவிர வேறெதையும் பயனர்கள் இயக்க முடியாதபடி செய்ய வேண்டும். இதற்கான கருவிகளுக்குப் பஞ்சமில்லை. விண்டோஸுக்குள் மட்டுமே அரை டஜன் வழிகள் உள்ளன; லினக்ஸிலும் மேக்கிலும் அவற்றுக்கே உரிய வழிகள் தனியாக உள்ளன. ஆனால் அவை ஒரே வேலையைச் செய்பவை அல்ல என்பதால், எது வலிமையானது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பொருந்தாத ஒன்றில் போய் நிற்கிறார்கள்.

இந்த வழிகளை எடைபோட நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றே. சாதாரணப் பயனர் ஒருவர் ஒரு கோப்பை எழுதி வைக்கக்கூடிய இடத்திலிருந்து நிரல் எதுவும் இயங்கக் கூடாது. நிரல் இயங்கக்கூடிய இடத்தில் அவரால் எழுத முடியக் கூடாது. இந்த இரண்டு பாதிகளும் ஒருங்கே நிறைவேறினால், நிர்வாகி நிறுவியவை மட்டுமே இயங்கும் என்ற நிலை தானாக அமைந்துவிடும். எந்தெந்தச் செயலியைத் தடை செய்வது என்று பெயர் பெயராகத் துரத்த வேண்டிய தேவையும் இல்லாமல் போகும். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்ப்பதே பயனுள்ளது.

நிர்வாகி உரிமை இல்லாத கணக்கு

எல்லாவற்றுக்கும் அடித்தளம் இது. பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் யாருக்கும் அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இருக்கக் கூடாது. இதைச் செய்யாமல் மற்றவற்றைச் செய்வதில் பயனில்லை, ஏனெனில் நிர்வாகியாக நுழைந்த ஒருவர் ஏறத்தாழ எந்தக் கட்டுப்பாட்டையும் நீக்கிவிட முடியும். சாதாரணக் கணக்கு மேற்சொன்ன விதியின் ஒரு பாதியை ஓரளவு நிறைவேற்றுகிறது: ப்ரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஆகிய கோப்புறைகளுக்குள் பயனரால் பொதுவாக எழுத முடியாது.

மறுபாதி திறந்தே கிடக்கிறது. பயனரின் சொந்தக் கோப்புறை, தற்காலிகக் கோப்புறை, பென் டிரைவ் ஆகிய எங்கிருந்து வேண்டுமானாலும் ஒரு நிரலை அவர் இயக்கலாம். நிர்வாகி கடவுச்சொல் கேட்காமலே நிறுவப்படும்படி பல செயலிகள் இன்று வேண்டுமென்றே வடிவமைக்கப்படுகின்றன. குரோம் உலாவியையும் விஷுவல் ஸ்டுடியோ கோடையும் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் நிறுவிக்கொள்ள முடியும். நிறுவவே தேவையில்லாத போர்ட்டபிள் செயலிகள் வேறு இருக்கின்றன. "எங்கள் மாணவர்களுக்கு நிர்வாகி உரிமை கிடையாது, ஆனாலும் விளையாட்டு எப்படி வந்தது?" என்ற வியப்புக்கு விடை இதுதான்.

பெயரைச் சொல்லித் தடுப்பது

கணினிகளின் அமைப்புகளை நிர்வாகி மொத்தமாக விதிக்க உதவும் விண்டோஸின் குரூப் பாலிசியில் பழைய அமைப்புகள் இரண்டு உள்ளன. ஒன்று குறிப்பிட்ட நிரல்களை இயக்க விடாதது. மற்றொன்று குறிப்பிட்டவற்றை மட்டும் இயக்க விடுவது. பார்ப்பதற்கு இவை கேட்டதை அப்படியே கொடுப்பதுபோல் தோன்றும். ஆனால் இவை கோப்பின் பெயரை மட்டுமே பார்க்கின்றன. கோப்பின் பெயரை மாற்றினால் தடை விலகிவிடும். போதாக்குறைக்கு, ஃபைல் எக்ஸ்ப்ளோரர் வழியாகத் தொடங்கப்படும் நிரல்களுக்கு மட்டுமே இவை பொருந்துகின்றன. டாஸ்க் மேனேஜரிலிருந்தோ கட்டளைச் சாளரத்திலிருந்தோ தொடங்கினால் இவை கண்டுகொள்வதில்லை. அந்த அமைப்பின் விளக்கக் குறிப்பிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது என்றாலும், அதைப் படிக்காமல் இயக்கிவிட்டு நிம்மதியடைபவர்கள் உண்டு. தற்செயலான தவறுகளைத் தடுக்க மட்டும் இவை போதும்.

கோப்பு அனுமதிகளை மாற்றுவது இதைவிட ஒரு படி மேல். ஒரு குறிப்பிட்ட செயலியைக் குறிப்பிட்ட குழுவினர் மட்டும் இயக்க வேண்டும் என்றால், அதன் கோப்பில் மற்றவர்களின் வாசிப்பு, இயக்க உரிமைகளை நீக்கலாம். லினக்ஸில் கோப்பின் குழுவை மாற்றி, மற்றவர்களுக்கான இயக்க உரிமையை எடுத்துவிடலாம். உரிமக் கட்டணம் செலுத்தி வாங்கிய ஒரு மென்பொருளைச் சிலர் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது போன்ற குறுகிய தேவைக்கு இது நன்றாகவே பொருந்தும். அடுத்த புதுப்பிப்பு வந்ததும் அனுமதிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். டெபியன் குடும்ப லினக்ஸ்களில் டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு என்ற கட்டளையால் மாற்றத்தை நிலையாகப் பதிந்து வைக்கலாம். ஆயினும், பயனர் அதே செயலியின் வேறொரு பிரதியை வெளியிலிருந்து கொண்டுவந்தால் இந்த முறை செயலற்றுப்போகிறது.

ஆப்லாக்கர்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வந்த சாஃப்ட்வேர் ரெஸ்ட்ரிக்‌ஷன் பாலிசிகள்தான், எந்த நிரல் இயங்கலாம் என்பதை இயங்குதளமே முடிவு செய்யும் முறைக்கு விண்டோஸில் தொடக்கம். விண்டோஸ் 10-இன் 2018 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அவற்றைக் கைவிடப்படும் அம்சங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டதால், புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. அவற்றின் இடத்தைப் பிடிக்க 2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்தது ஆப்லாக்கர். பல ஆண்டுகள் எண்டர்பிரைஸ், எஜுகேஷன் போன்ற உயர் பதிப்புகளில் மட்டுமே இதன் விதிகள் அமலாயின. பிற்காலப் புதுப்பிப்புகளில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிப்புக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டதால், ப்ரோ பதிப்பு வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இது எட்டும் தொலைவுக்கு வந்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பலவற்றில் இந்த மாற்றம் இன்னும் ஏறவில்லை.

ஆப்லாக்கரில் விதிகள் மூன்று அடிப்படையில் எழுதப்படுகின்றன. கோப்பு இருக்கும் பாதையை வைத்து எழுதலாம்; அதில் உள்ள டிஜிட்டல் கையொப்பத்தின் வெளியீட்டாளரை வைத்து எழுதலாம்; கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்ணை வைத்தும் எழுதலாம். ஹாஷ் மிகத் துல்லியமானது, ஆனால் செயலி ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் விதியை மறுபடி எழுத வேண்டும். அடிக்கடி புதுப்பிக்கப்படும் உலாவிக்கு இது நடைமுறைக்கு ஒவ்வாது. வெளியீட்டாளர் விதி புதுப்பிப்புகளைத் தாங்கி நிற்கும், ஆனால் கையொப்பமிடாத செயலிகளுக்கு உதவாது. பாதை விதி எளியது. அது நம்பியிருப்பது அந்தக் கோப்புறையின் அனுமதிகளை மட்டுமே.

இயல்பு விதிகளை உருவாக்கச் சொன்னால், விண்டோஸ் கோப்புறையிலும் ப்ரோகிராம் ஃபைல்ஸிலும் உள்ளவற்றை எல்லோரும் இயக்கலாம், நிர்வாகிகள் எங்கிருந்தும் இயக்கலாம் என்ற மூன்று விதிகள் தோன்றும். வேறெங்கிருந்தும் எதுவும் இயங்காது. மேலே சொன்ன அளவுகோலின் மறுபாதி இங்கே நிறைவேறிவிடுகிறது. நிரல், ஸ்கிரிப்ட் என ஒவ்வொரு கோப்பு வகைக்கும் விதிகள் தனிப் பிரிவாக இருக்கும்; ஒரு பிரிவில் ஒரே ஒரு விதியை எழுதினாலும், அதில் அனுமதிக்கப்படாத எல்லாமே தடுக்கப்படும். அமலாக்க நிலையைக் குறிப்பிடாமல் விட்டாலும் விதிகள் அமலாகிவிடும். இயல்பு விதிகளை உருவாக்காமல் தனி விதி ஒன்றை மட்டும் சேர்த்துச் சோதித்தவர்கள் கணினியே முடங்கிப்போனதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

ஆனால் இயங்கும் இடத்தில் எழுத முடியக் கூடாது என்ற பாதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. விண்டோஸ் கோப்புறைக்குள் சாதாரணப் பயனர் எழுதக்கூடிய உட்கோப்புறைகள் சில உள்ளன. டெம்ப், டாஸ்க்ஸ், சிஸ்டம்32-க்குள் அச்சுப்பொறியின் வண்ணக் கோப்புகள் இருக்கும் இடம் ஆகியவை பலரும் அறிந்தவை. ஒரு நிரலை அங்கே நகலெடுத்து வைத்தால், "விண்டோஸ் கோப்புறையில் உள்ளது" என்ற காரணத்தால் அது இயங்கிவிடும். எனவே இயல்பு விதிகளை அப்படியே விடாமல், பயனர் எழுதக்கூடிய உட்கோப்புறைகளை விதிவிலக்காகச் சேர்ப்பது கட்டாயம். எவை அத்தகையவை என்பதை மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் ஆக்சஸ்செக் போன்ற கருவியால் கண்டறியலாம். ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் சில மூன்றாம் தரப்பு மென்பொருள்கள் தங்கள் கோப்புறைக்கு எல்லோருக்கும் எழுத உரிமை கொடுத்துவிடுவதும் உண்டு; அந்தக் கோப்புறைகளையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, விண்டோஸோடு சேர்ந்தே வரும் கருவிகள். எம்எஸ்ஹெச்டிஏ, ரெக்எஸ்விஆர்32, இன்ஸ்டால்யூட்டில், எம்எஸ்பில்டு போன்றவை மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டவை. அவற்றின் வழியாக வேறு நிரல்களை இயக்க முடியும். ஆய்வகத்திலோ நூலகத்திலோ பயனர்களுக்கு இவற்றால் ஆகும் வேலை அநேகமாக எதுவும் இல்லாததால், இவற்றைத் தனியாகத் தடுத்துவிடலாம். ஸ்கிரிப்ட் விதிகளையும் சேர்த்து அமலாக்கினால், விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல் தானாகவே அதன் ஆபத்தான வசதிகள் முடக்கப்பட்ட கட்டுப்படுத்தப்பட்ட மொழி முறைக்கு மாறிவிடுகிறது. இது அதிகம் பேசப்படாத ஒரு நல்ல பலன். நிரல்கள் இயங்கும்போது ஏற்றிக்கொள்ளும் துணைக் கோப்புகளான டிஎல்எல்களுக்கான பிரிவு மட்டும் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினால் பாதுகாப்பு கூடும், சோதனை வேலையும் கூடும்.

ஆப்லாக்கரின் பலவீனத்தை மைக்ரோசாஃப்டே மறைக்கவில்லை. கூடுதல் தடுப்பு அடுக்காகவே அந்நிறுவனம் அதைக் கருதுகிறது. முழுமையான பாதுகாப்பு எல்லையாகக் கருதுவதில்லை. புதிய அம்சங்களும் அதற்கு வரப்போவதில்லை, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே தொடரும். இதைப் படித்துவிட்டு உடனே அடுத்த கருவிக்குத் தாவுவதற்கு முன், அந்தக் கருவி எதைச் செய்ய மறுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆப் கண்ட்ரோல் ஃபார் பிசினஸ்

விண்டோஸ் 10-உடன் டிவைஸ் கார்டு என்ற பெயரில் தொடங்கி, விண்டோஸ் டிஃபெண்டர் அப்ளிகேஷன் கண்ட்ரோல் என்று பெயர் மாறி, இப்போது ஆப் கண்ட்ரோல் ஃபார் பிசினஸ் என்று அழைக்கப்படும் இது இயங்குதளத்தின் உள்மையமான கர்னல் நிலையிலேயே வேலை செய்கிறது. கொள்கைக் கோப்பிலேயே கையொப்பமிட்டுவிட்டால், நிர்வாகி உரிமை பெற்ற ஒருவராலும் அதை எளிதில் அகற்ற முடியாது. பாதை விதிகளில் இது காட்டும் கவனம் எனக்குப் பிடித்த ஓர் அம்சம்: 2019 முதல் பாதை விதிகளை இது ஏற்கிறது, ஆனால் அந்தப் பாதையில் நிர்வாகி அல்லாதவர் எழுத முடியுமா என்பதை ஒவ்வொரு முறையும் சரிபார்த்து, முடியும் என்றால் அனுமதி மறுக்கிறது. ஆப்லாக்கரில் நாம் கையால் தேடி அடைக்கும் ஓட்டையை இது தானே அடைத்துவிடுகிறது.

அப்படியானால் இதுதானே சரியான தேர்வு என்று தோன்றலாம். பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் அப்படி இல்லாமல் போவதற்குக் காரணம், இதன் கொள்கை முழுக் கணினிக்கும் பொருந்துவது. ஆசிரியருக்கு ஒன்று, மாணவருக்கு வேறொன்று என்றோ, கணக்குப் பிரிவினருக்கு மட்டும் ஒரு செயலி என்றோ இதில் பிரிக்க முடியாது. ஆப்லாக்கரிலோ ஒவ்வொரு விதியையும் ஒரு பயனருக்கோ குழுவுக்கோ உரியதாக எழுதலாம். ஒரே கணினியில் வெவ்வேறு குழுக்களுக்கு வெவ்வேறு விதிகள் தேவைப்பட்டால் ஆப்லாக்கரைப் பயன்படுத்துமாறு மைக்ரோசாஃப்டின் ஆவணங்களும் சொல்கின்றன. இரண்டையும் ஒன்றாக வைத்து, கணினி முழுமைக்குமான அடித்தளத்தை ஆப் கண்ட்ரோலாலும், குழு வேறுபாடுகளை ஆப்லாக்கராலும் அமைப்பது தொழில்நுட்ப ரீதியில் சிறந்த ஏற்பாடு. ஆனால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். முழுநேரப் பொறுப்பாளர் இல்லாத ஓர் இடத்தில், இரு அடுக்கு விதிகளில் எது தடுத்தது என்று தேடுவதிலேயே ஊக்கம் வற்றி, ஒருநாள் இரண்டுமே அணைக்கப்பட்டுவிடும்.

கியோஸ்க்கும், அழித்துத் தொடங்குவதும்

வருபவர் யார் என்றே தெரியாத இடத்தில் கேள்வி வேறாகிவிடுகிறது. நூலகத்தின் பட்டியல் தேடும் கணினியில் ஒரே ஓர் உலாவி மட்டும் போதும். அங்கே விண்டோஸின் அசைன்டு ஆக்சஸ் என்ற, குறிப்பிட்ட செயலியை மட்டும் திரையில் காட்டும் கியோஸ்க் முறையை ஒரு கணக்குக்கு அமைத்துவிட்டால் அந்தக் கணக்கில் டெஸ்க்டாப்பே தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளை அனுமதிக்கும் கியோஸ்க் முறை, திரைக்குப் பின்னால் ஆப்லாக்கர் விதிகளைத்தான் உருவாக்குகிறது. எனவே அதன் பலமும் பலவீனமும் ஏறத்தாழ அதே அளவுதான்.

வேறொரு சிந்தனைப் போக்கும் உண்டு: எதையும் தடுக்காமல், கணினியை மறுதொடக்கம் செய்யும்போது எல்லா மாற்றங்களையும் அழித்துவிடுவது. எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் உள்ள யுனிஃபைடு ரைட் ஃபில்டரும், ஃபாரோனிக்ஸ் நிறுவனத்தின் டீப் ஃப்ரீஸும் இந்த வகை. மைக்ரோசாஃப்ட் இதற்காகவே இலவசமாகக் கொடுத்து வந்த ஸ்டெடிஸ்டேட் 2010-இன் இறுதியில் நிறுத்தப்பட்டது. பராமரிப்பு குறைவு என்பதால் நிர்வாகிகளுக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் இது எந்தச் செயலியையும் தடுப்பதில்லை. காலையில் ஒருவர் கொண்டுவந்து இயக்கிய விசைப்பதிவு நிரல், இடையில் மறுதொடக்கம் நடக்காவிட்டால், அடுத்து வந்து அமர்பவரின் கடவுச்சொல்லைப் பிடித்துவிடும். ஆகவே இந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒவ்வொரு பயனர் வெளியேறும்போதும் மறுதொடக்கம் நடக்குமாறு அமைப்பது அவசியம். விண்டோஸ் புதுப்பிப்புகள் அழிந்துபோகாமல் ஏறுவதற்கு ஒரு நேர இடைவெளியையும் ஒதுக்க வேண்டும்.

லினக்ஸிலும் மேக்கிலும்

லினக்ஸில் நமது அளவுகோலுக்கு நேரான விடை இருக்கிறது. பயனர்களின் வீட்டுக் கோப்புறைகளையும் தற்காலிகக் கோப்புறைகளையும் வட்டின் தனிப் பகுதிகளாக வைத்து, நோஎக்ஸெக் என்ற விருப்பத்தோடு இணைத்தால், அங்கிருந்து நிரல்கள் நேரடியாக இயங்காது. பயனர் எழுதக்கூடிய இன்னோர் இடமான டெவ்-எஸ்ஹெச்எம் என்ற பகிர்வு நினைவகத்தையும் இதே விருப்பத்தோடு இணைக்க மறக்கக் கூடாது. பைத்தான், பாஷ் போன்ற மொழிபெயர்ப்பிகளிடம் கோப்பைக் கொடுத்து இயக்குவதை நோஎக்ஸெக் தடுக்காது. அதையும் தடுக்க வேண்டுமானால் ரெட் ஹேட் குடும்பத்தில் கிடைக்கும் ஃபாபாலிசிடி பொருத்தமானது. அது, ஆர்பிஎம் என்ற மென்பொருள் நிறுவும் அமைப்பின் வழியாக நிறுவப்பட்ட கோப்புகளை நம்பகமானவையாக ஏற்று, மற்றவற்றை மறுக்கிறது. ஸ்கிரிப்ட் கோப்புகளையும் கணக்கில் எடுக்கிறது. பயனர், குழு வாரியாகவும் விதிகளை எழுத விடுகிறது. ஆப்ஆர்மர், எஸ்இலினக்ஸ் ஆகியவற்றையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அவற்றின் முதன்மையான பணி, இயங்கும் நிரல் எதைத் தொடலாம் என்று வரையறுப்பது.

மேக்கில் உள்ள ஸ்கிரீன் டைம் வசதி, சொந்தத் திரை நேரத்தையும் பிள்ளைகளின் பயன்பாட்டையும் கட்டுப்படுத்த வடிவமைக்கப்பட்டது; ஆய்வகத்துக்கு அது போதாது. கூகுள் உருவாக்கி, இப்போது வேறொரு நிறுவனத்தின் பராமரிப்பில் தொடரும் சாண்டா என்ற திறமூல மென்பொருள் லாக்டவுன் முறையில் அனுமதிக்கப்பட்டவற்றை மட்டும் இயங்க விடுகிறது. மேக் கணினிகள் பல இருக்கும் இடத்தில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நிரலாக்க ஆய்வகம் என்ற சிக்கல்

இதுவரை சொன்ன எல்லாமே தடுமாறும் ஓர் இடம் உண்டு. சி மொழியில் நிரல் எழுதும் மாணவர், அதைக் கம்பைல் செய்து, அதாவது இயங்கக்கூடிய வடிவுக்கு மாற்றி, உருவாகும் கோப்பைத் தன் சொந்தக் கோப்புறையிலிருந்து இயக்கியாக வேண்டும். எழுதும் இடமும் இயக்கும் இடமும் ஒன்றாக இருப்பதுதான் அந்த வேலையின் இயல்பு. அவர் அந்த நிமிடத்தில் உருவாக்கிய கோப்புக்கு முன்கூட்டியே ஹாஷ் விதி எழுத முடியாது. அதில் கையொப்பமும் இருக்காது. ஒரு கோப்புறையை மட்டும் அந்தக் குழுவுக்குத் திறந்துவிடலாம், ஆனால் கம்பைலர் உருவாக்கிய கோப்பையும் பென் டிரைவிலிருந்து நகலெடுத்த விளையாட்டையும் அந்தக் கோப்புறை வேறுபடுத்திப் பார்க்காது. பைத்தான் கற்பிக்கும் ஆய்வகத்திலும் இதே கதைதான்; பைத்தானை அனுமதித்தால் அதில் எழுதக்கூடிய எல்லாவற்றையும் அனுமதித்ததாகிவிடுகிறது.

இத்தகைய ஆய்வகத்தில் செயலிக் கட்டுப்பாட்டை வற்புறுத்துவது என் பார்வையில் வீண் உழைப்பு. நிரலாக்கத்தை மெய்நிகர் கணினிக்குள்ளோ தொலைவில் உள்ள சேவையகத்திலோ நடத்தி, மாணவர் முன்னால் உள்ள கணினியை ஆப்லாக்கரால் கட்டுப்படுத்துவது ஒரு வழி. அதற்கு வசதி இல்லையென்றால், வெளியேறியதும் அழித்துத் தொடங்கும் முறையை வைத்து, பிணையத்தில் மட்டும் கட்டுப்பாடு விதிப்பது இரண்டாவது வழி.

தேர்வும் நடைமுறையும்

தெரிந்த பயனர்கள், வெவ்வேறு குழுக்கள், விண்டோஸ் கணினிகள் என்ற பொதுவான நிலைமைக்கு என் தேர்வு தெளிவானது: சாதாரணக் கணக்குகள், அவற்றின் மேல் பாதை விதிகளை அடிப்படையாகக் கொண்ட ஆப்லாக்கர், எழுதக்கூடிய உட்கோப்புறைகளுக்கு விதிவிலக்கு, ஆப்டேட்டாவிலிருந்து இயங்கியே தீர வேண்டிய ஓரிரு செயலிகளுக்கு வெளியீட்டாளர் விதி. எல்லாக் கணினியிலும் எல்லோருக்கும் ஒரே செயலித் தொகுப்பு என்றால் மட்டும் ஆப் கண்ட்ரோலை நேரடியாகத் தேர்ந்தெடுப்பேன். யாரென்றே தெரியாதவர்கள் வரும் கணினிக்குக் கியோஸ்க்கும் அழித்துத் தொடங்குவதும் சேர்ந்து வேண்டும். ஆஸ்திரேலிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு பரிந்துரைக்கும் எட்டு அடிப்படை நடவடிக்கைகளில் செயலிக் கட்டுப்பாடும் ஒன்று. அதன் முதல் நிலையில் கேட்கப்படுவதும் ஏறத்தாழ இதுவே, அதாவது பயனர் கோப்புறைகளிலிருந்தும் தற்காலிகக் கோப்புறைகளிலிருந்தும் நிரல்கள் இயங்காமல் தடுப்பது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் தணிக்கை முறையில் ஓட விட வேண்டும். ஆப்லாக்கரில் இந்த முறையில் எதுவும் தடுக்கப்படாது. தடுக்கப்பட்டிருக்கக் கூடியவை நிகழ்வுப் பதிவில் 8003 என்ற எண்ணோடு பதியப்படும். உண்மையான தடை 8004 என்று பதியும். தேர்வுக்காலம், ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பு போன்று எப்போதோ ஒருமுறை மட்டும் பயன்படும் செயலிகள் வெளிப்படும் அளவுக்குத் தணிக்கைக் காலம் நீள வேண்டும். அப்ளிகேஷன் ஐடென்டிட்டி என்ற சேவை தானாகத் தொடங்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஓடாவிட்டால் விதிகள் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் அமலாகாது. பென் டிரைவிலிருந்து வேறொரு இயங்குதளத்தைத் தொடங்க முடியாதபடி, கணினியின் தொடக்க அமைப்பான பயாஸுக்குக் கடவுச்சொல் வைக்காமல் விடுவதும் இதே அளவு பெரிய ஓட்டை. உலாவிக்குள்ளேயே ஓடும் விளையாட்டுகளையும் நீட்சிகளையும் மேற்சொன்ன எந்தக் கருவியும் பார்ப்பதில்லை. அவற்றுக்கு உலாவியின் சொந்தக் கொள்கை அமைப்புகளைத் தனியாகப் பயன்படுத்த வேண்டும்.

தடைச் செய்தி தோன்றும்போது பயனர் யாரை அணுகுவது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். அந்தச் செய்தியில் உதவிப் பக்கத்தின் இணைப்பைச் சேர்க்கக் குரூப் பாலிசியில் இடம் இருக்கிறது. கோரிக்கையை ஏற்று விதிவிலக்கு கொடுக்கும்போது, யார் கேட்டார், எதற்காக, எந்தத் தேதி வரை என்பதை விதியின் விளக்கப் பகுதியிலேயே எழுதி வைத்தால், பிறகு எதை நீக்கலாம் என்று அந்த இடத்துக்குப் புதிதாக வரும் நிர்வாகியாலும் தீர்மானிக்க முடியும்.